வார்டுக்குள் வந்த அம்மா

"பிள்ளையைப் பெட்டியில வெச்சிருக்காங்க."

குறைமாதத்தில் குழந்தை பிறந்த வீட்டிலிருந்து உறவினர்களுக்குப் போகும் முதல் செய்தி பெரும்பாலும் இதுதான். உடனே கேள்விகள் வரும்: எத்தனை மாதம், என்ன எடை, டாக்டர் என்ன சொல்கிறார்? அம்மா எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. அவள் வேறு மாடியில், சிசேரியன் தையலோடும் கனத்த மார்போடும் படுத்திருப்பாள். அப்பா மருந்துச் சீட்டுடன் கீழே மருந்தகத்துக்கும் மேலே வார்டு வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பார். குழந்தை இருக்கும் அறையின் கதவில் பார்வையாளர் நேரம் எழுதி ஒட்டியிருக்கும்.

அந்தக் கதவைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். பிறந்த குழந்தை வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தால் பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது மருத்துவத்தின் கட்டளைபோல நம் மனத்தில் பதிந்துவிட்டது. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. பெற்றோரை வெளியே நிறுத்த ஒருகாலத்தில் இருந்த காரணங்களைவிட, அவர்களை உள்ளே அழைக்க இன்று இருக்கும் ஆதாரம் மிக வலுவானது.

* * *

முதலில், அந்தக் குழந்தை ஏன் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கர்ப்பக் கணக்கு 40 வாரம். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று. அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த நாட்டிலும் இந்த எண்ணிக்கை இல்லை.

சீக்கிரம் பிறந்த உடலில் நான்கு வேலைகள் அரைகுறையாக நிற்கின்றன. நுரையீரலின் காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து நிற்க, உள்ளே சர்ஃபாக்டன்ட் என்னும் மெல்லிய பூச்சு வேண்டும். அது 24-வது வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கினாலும் 34, 35 வாரத்தில்தான் போதுமான அளவை எட்டும். அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும், ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பையைப் பிரித்துத் திறப்பது மாதிரி. இரண்டாவது வேலை உடற்சூடு. தோல் மெலிந்திருக்கிறது, அதன் அடியில் கொழுப்பு இல்லை, சூட்டை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேரும். மூன்றாவது பால் குடிப்பது. சப்புவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று இடிக்காமல் நடக்க 32 முதல் 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை வாய் அல்லது மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டுத்தான் பால். நான்காவது மூச்சின் ஒழுங்கு. மூளையில் மூச்சை நடத்தும் மையம் முதிராததால், தூங்கும் குழந்தை திடீரென்று 20 விநாடிக்கு மேல் மூச்சு விடாமல் இருந்துவிடும். மானிட்டர் அலறும், நர்ஸ் வந்து உள்ளங்காலைத் தட்டுவார், மூச்சு திரும்பும். இதற்குக் கொடுக்கும் மருந்து காஃபின். காப்பியில் இருக்கிறதே, அதே பொருள்தான்.

"எப்ப டாக்டர் வீட்டுக்கு விடுவீங்க?" என்ற கேள்விக்குத் தேதி சொல்ல முடியாமல் மருத்துவர் தயங்குவது இதனால்தான். இந்த நான்கும் சீராகி, எடையும் ஏறத் தொடங்க வேண்டும். பல குழந்தைகளுக்கு அது முதலில் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியை ஒட்டி அமையும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க மனத்தைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது.

மருத்துவம் இந்த இடத்தில் செய்திருக்கும் சாதனை மிகப் பெரியது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். சர்ஃபாக்டன்ட் குறைவால் வரும் மூச்சுத்திணறலில் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். உலகின் மிக வலிமையான வீட்டுக்குக்கூட அன்று கொடுக்க மருந்து இல்லை. இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பூச்சு குறைவு என்பதை மேரி எலன் ஏவரியும் ஜீர் மீடும் கண்டறிந்தது 1959-இல்தான். 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, சர்ஃபாக்டன்டையே மருந்தாக மூச்சுக்குழாய் வழியே செலுத்திக் காட்டினார். பேட்ரிக்கின் எடையில் இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை ஏறக்குறைய நிச்சயமாகப் பிழைக்கும்.

ஆனால் இந்தச் சாதனைகள் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் அம்மா வெளியே நின்றாள்.

* * *

1880-இல் பாரிஸின் மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் தார்னியே, விலங்குக் காட்சிச்சாலையில் கோழிமுட்டை பொரிக்கும் வெப்பப் பெட்டியைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னார். இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக இறங்கியது. அவருடைய மாணவர் பியர் புதென் இன்னொன்றைக் கவனித்தார். பெட்டியில் பிள்ளையை விட்டுவிட்டுத் தள்ளியே இருந்த தாய்மாரின் பால் வற்றியது, பிள்ளைமேல் இருந்த ஒட்டுதலும் வற்றியது. அதனால் தாயை வரவழைத்துப் பால் கொடுக்கச் சொன்னார். நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதும், அது மறக்கப்பட்டுவிட்டது என்பதும் எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

இன்குபேட்டர் அமெரிக்கா போன கதை விசித்திரமானது. மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காவில் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியில் வைத்து, 25 சென்ட் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குக் காட்டினார். அந்தப் பணத்தில்தான் நர்ஸுகளுக்குச் சம்பளம், குழந்தைகளுக்குப் பால். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. மருத்துவமனைகள் கைவிட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றினார். ஆனால் தேறிய குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சில பெற்றோரைச் சம்மதிக்கவைப்பதே பெரும்பாடாக இருந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. மாதக்கணக்கில் தொடாத பிள்ளை அந்நியப் பிள்ளை ஆகிவிட்டது.

பிறகு மருத்துவமனைகளே குறைமாத வார்டுகளைத் திறந்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். ஒரு வயிற்றுப்போக்கு வார்டு முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே கதவைச் சாத்தியவர்களின் பயம் பொய்யல்ல. ஆனால் மருந்துகள் வந்த பிறகும், கைகழுவும் ஒழுங்கு வந்த பிறகும், கதவு அப்படியே கிடந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் துணிந்து தாய்மாரை வார்டுக்குள் விட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தொடச் சொன்னார்கள். கிருமிப் பரிசோதனைகளும் செய்துகொண்டே இருந்தார்கள். தொற்று கூடவில்லை. 1970-இல் முடிவை வெளியிட்டார்கள்.

* * *

உண்மையான திருப்பம் வசதியான நாடு ஒன்றில் நிகழவில்லை. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைகளுக்கான பெரிய மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் நிகழ்ந்தது. 1970-களின் இறுதி. இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தன. தொற்று பரவியது. பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய்மாரும் உண்டு. குழந்தை மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, கங்காரு பற்றி யோசித்தார். கங்காருக் குட்டி பிறக்கும்போது மிக முதிராத நிலையில்தான் பிறக்கிறது. தாயின் பைக்குள் ஊர்ந்து போய், முலைக்காம்பைப் பற்றிக்கொண்டு, அங்கேயே மீதி வளர்ச்சியை முடிக்கிறது. ரேயும், அவரைத் தொடர்ந்து ஹெக்டர் மார்ட்டினெஸும், உடல்நிலை தேறிய குறைமாதக் குழந்தைகளுக்கு டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டிவிட்டார்கள். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். தவறாமல் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

பெரிய நாடுகளின் வல்லுநர்கள் நம்பவில்லை. 1985-இல் பொகோட்டாவுக்குப் போய்ப் பார்த்த இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள், முதல் சில நாள்களைத் தாண்டிப் பிழைத்த குழந்தைகளையே கணக்கில் எடுத்திருக்கிறார்கள், ஆகவே சொல்லப்படும் வெற்றி மிகை என்று எழுதினார்கள். விமர்சனம் நியாயமானதே. அறிவியலில் ஒரு நல்ல யோசனைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அதன் பிறகு பொகோட்டாவிலேயே நதாலி ஷார்பாக்கின் குழு 1993 முதல் 1996 வரை 746 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து முறையான சோதனை நடத்தியது. அந்தக் குழந்தைகள் இருபது வயதை எட்டியபோது மீண்டும் தேடிப்போனது. நெஞ்சோடு அணைத்து வளர்க்கப்பட்டவர்களிடம் பரபரப்பும் மூர்க்கமும் குறைவாக இருந்தன. பள்ளிக்கு அவர்கள் மட்டம் போட்டது குறைவு. பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் அக்கறையுடன் ஈடுபட்டிருந்தார்கள். சில வாரக் காலம் நெஞ்சில் கிடந்ததன் தடம் இருபது ஆண்டுக்குப் பிறகும் இருந்தது.

நெஞ்சில் கிடக்கும்போது அப்படி என்னதான் நடக்கிறது? தாயின் மார்புத் தோல் தன் சூட்டைத் தானே மாற்றிக்கொள்கிறது. குழந்தை குளிர்ந்தால் சூடேறுகிறது, குழந்தைக்குச் சூடு போதுமானால் தணிகிறது. இரட்டைக் குழந்தைகளை ஆளுக்கொரு பக்கமாக மார்பில் வைத்து 2006-இல் அளந்து பார்த்தபோது, ஒவ்வொரு மார்பும் தன்மேல் கிடக்கும் குழந்தைக்கு ஏற்பத் தனித்தனியே சூட்டை மாற்றியது. எந்தத் தொழிற்சாலையும் இப்படி ஒரு வார்மரைச் செய்ததில்லை. தாயின் மூச்சு ஏறி இறங்கும் அசைவு, குழந்தையின் மூச்சை ஒழுங்குபடுத்த உதவுகிறது. தாயின் தோலில் இருக்கும் நுண்ணுயிர்கள் குழந்தையின் தோலில் குடியேறி, மருத்துவமனைக் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. தாயின் உடல் அந்தக் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்கிப் பாலில் அனுப்புகிறது.

வலியும் குறைகிறது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1980-களின் நடுப்பகுதிவரை, பச்சிளம் குழந்தைக்கு வலி சரிவரத் தெரியாது என்ற எண்ணத்தில், போதிய மயக்க மருந்தில்லாமல் அறுவை சிகிச்சைகள் நடந்தன. வலி தெரியும், அது உடலை உலுக்கும், மயக்க மருந்து கொடுத்தால் குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று 1987-இல் நிறுவியவர்களில் முதன்மையானவர் கே.ஜே.எஸ். ஆனந்த். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது இந்த வார்டுகளில் தினசரி வேலை. அப்போது குழந்தை தாயின் நெஞ்சில் இருந்தால் முகச் சுளிப்பும் அழுகையும் குறைவதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன.

* * *

இத்தனைக்குப் பிறகும் ஒரு விதி நெடுங்காலம் மாறவில்லை. "குழந்தை ஸ்டேபிள் ஆகட்டும், அப்புறம் அம்மாவிடம் கொடுக்கலாம்" என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கமாக இருந்தது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைமாத இறப்புகளில் பெரும்பகுதி, குழந்தை அந்த நிலையை எட்டுவதற்கு முன் முதல் சில நாள்களில்தான் நிகழ்கிறது. அப்படியானால் மிகவும் தேவைப்படும் நாள்களில்தான் இந்த மருந்து மறுக்கப்படுகிறதா?

உலக சுகாதார நிறுவனம் இந்தக் கேள்வியை நேராகவே சோதித்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். இந்தியாவில் புதுதில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறை. மற்றப் பிரிவினரைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சிலோ, தாய்க்கு முடியாதபோது அவள் தேர்ந்தெடுத்த உறவினரின் நெஞ்சிலோ வைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். வழக்கமான முறைப் பிரிவினருக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். 28 நாள் முடிவில் வழக்கமான முறையில் 15.7 சதவீதக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். உடனே நெஞ்சில் வைத்த பிரிவில் 12 சதவீதம். நான்கில் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. பலன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது முறையல்ல என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2021-இல் முடிவு வெளியானது.

தாயை உள்ளே விட்டால் தொற்று வரும் என்பதுதானே கதவு மூடியதற்குக் காரணம்? இந்தச் சோதனையில் உடனே நெஞ்சில் வைக்கப்பட்ட குழந்தைகளிடம் தொற்றின் அறிகுறிகள் குறைவாகவே இருந்தன.

சோதனைக்காக ஒரு புதிய வார்டையே அமைக்க வேண்டியிருந்தது. குழந்தையின் கருவிகள் இருக்கும் அதே அறையில், பக்கத்திலேயே தாய்க்குக் கட்டில். பிரசவித்த தாய்க்குத் தேவையான சிகிச்சையும் அங்கேயே. மூச்சுக்கு உதவும் சிபேப் கருவி பொருத்திய குழந்தையும் தாயின் நெஞ்சில்தான் கிடந்தது. இயந்திரமா தாயா என்று யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் இந்தச் சோதனையில் இல்லை. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை எடுத்து வைக்கப் பழகிய கைகள் வேண்டும். அந்த முடிவை மருத்துவக் குழுதான் எடுக்க வேண்டும். ஆனால் 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: குறைமாதக் குழந்தைகளைப் பிறந்தவுடனேயே நெஞ்சில் அணைக்கத் தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்.

* * *

நெஞ்சணைப்போடு பெற்றோரின் பங்கு முடிந்துவிடவில்லை. எஸ்டோனியாவின் தாலின் நகரில் 1979-இல் நர்ஸ் பற்றாக்குறையால் தவித்த மருத்துவர் அதிக் லெவின், தாய்மாரை இரவும் பகலும் வார்டிலேயே தங்கவைத்து, பால் புகட்டுவது முதல் துணி மாற்றுவதுவரை அவர்களிடமே ஒப்படைத்தார். நர்ஸின் வேலை கற்றுக்கொடுப்பதும் மருந்து கவனிப்பதும் ஆனது. அங்கே போய்ப் பார்த்த டொரண்டோவின் ஷூ லீ, அதைத் தன் நாட்டுக்கு ஏற்றபடி வகுத்தார். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வந்தது. பெற்றோர் நாளுக்கு ஆறு மணி நேரமாவது இருந்து பராமரித்த குழந்தைகள் கூடுதலாக எடை போட்டார்கள். தாய்ப்பால் குடித்தவர்கள் அதிகம். பெற்றோரின் மன அழுத்தம் குறைவு. நம் நாட்டில் தில்லியின் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இந்த வழியில் முன்னோடி. 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகமே, அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் குடும்பத்தினரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வழிகாட்டுதல் வெளியிட்டது. அரசுக் கொள்கை இருக்கிறது என்பதை வாசலில் நிறுத்தப்படும் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரின் மன அழுத்தம் என்றேன். மார்கரெட் மைல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 1993-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது: தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரை எது அதிகம் வருத்துகிறது? இயந்திரங்களின் சத்தமா, ஒயர்களுக்கு நடுவே கிடக்கும் குழந்தையின் தோற்றமா? இவையும் வருத்துகின்றன. ஆனால் முதலிடம் பிடித்தது, தன் குழந்தைக்குத் தான் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்க முடியவில்லையே என்ற தவிப்பு. தூக்க முடியவில்லை, ஊட்ட முடியவில்லை, வலியிலிருந்து காக்க முடியவில்லை. இந்தத் தவிப்புக்கு ஆறுதல் வார்த்தை மருந்தாகாது. கையில் ஒரு வேலை கொடுப்பதுதான் மருந்து.

வேலைகள் நிறைய இருக்கின்றன. முதலாவது பால். குழந்தை சப்பாதபோதும், பிறந்த சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரவு உட்பட 24 மணி நேரத்தில் எட்டு முறை. முதல் நாள்களில் சில துளிகள்தான் வரும். "பாலே இல்லை" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். காதில் வாங்க வேண்டாம். ஒரு கிலோக் குழந்தைக்கு அந்தச் சீம்பால் துளிகளே பெரிய விருந்து. குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதல் வாரங்களில் புரதமும் எதிர்ப்பொருள்களும் கூடுதல். குடல் அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று இந்தக் குழந்தைகளைத் தாக்கும். தாய்ப்பால் அந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. சொந்தப் பால் போதாதபோது தானப் பால் உதவும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பால் வங்கிகள் உண்டு. குழாயிலிருந்து வாய்க்கு மாறும் கட்டத்தில் நம் வீட்டுப் பாலாடை வார்டுக்குள் வருகிறது. பாட்டிக்குத் தெரிந்த அந்த வித்தையை நர்ஸிடமிருந்து முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். சிறு சிறு மிடறாக, குழந்தையின் வேகத்தில்.

இரண்டாவது கை. குறைமாதத் தோலை மென்மையாக வருடுவது பல குழந்தைகளுக்கு எரிச்சல் தரும். ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடக்கிய கால்களிலும் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பையின் அணைப்பு அப்படித்தான் இருந்தது. குழந்தை விரல்களை விறைத்து விரித்தால், விக்கல் எடுத்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், நிறம் மாறினால், "போதும்" என்கிறது. கையை வாய்க்குக் கொண்டுபோய் அமைதியாகப் பார்த்தால், "இரு" என்கிறது. சில நாள் கவனித்தால் நர்ஸைவிட உங்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகப் புரியும்.

மூன்றாவது குரல். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 குறைமாதக் குழந்தைகளில் ஒரு பாதிக்குத் தாயின் குரலையும் இதயத் துடிப்பையும் இன்குபேட்டருக்குள் தினமும் கேட்கவைத்தார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி மற்றவர்களுக்கு இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஆகவே வார்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். தாழ்ந்த குரலில் பேசுங்கள், தெரிந்த தாலாட்டைப் பாடுங்கள். அப்பாவின் குரலும் வேண்டும், அப்பாவின் நெஞ்சும் வேண்டும். மருந்து வாங்கவும் பில் கட்டவும் மட்டும் அவரை வைத்திருப்பது அவருக்கும் குழந்தைக்கும் செய்யும் அநியாயம்.

தாய்க்கு அழுகை நிற்கவில்லை, தூக்கமே வரவில்லை, பிள்ளைமேல் எதுவும் தோன்றவில்லை என்றால் அதுவும் நோய்தான், சிகிச்சை உண்டு. அப்பாக்களுக்கும் இது வரும். குடும்பத்தார் செய்யக்கூடிய உதவி, "கிரகணத்துல வெளிய போனியா" என்ற விசாரணையை நிறுத்துவது. "பச்சை உடம்பு, ஆஸ்பத்திரிக்கு அலையாதே" என்று தாயை வீட்டில் உட்காரவைப்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவள் குழந்தையின் அருகில் இருப்பதற்கு வழி செய்வதுதான் அவளுக்கும் நல்லது: சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் பாட்டியோ அத்தையோ குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சேனை வைப்பது, மூக்கில் ஊதுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது எதுவும் வேண்டாம். இந்த நுரையீரலும் குடலும் அதைத் தாங்காது. கண் பரிசோதனையை மட்டும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையை, பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அங்கே ரத்தக்குழாய்கள் கோணலாக வளரும் நோய் இருந்தால், உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை பார்வையைக் காப்பாற்றும், தாமதித்தால் திரும்பாது. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் அளவின்றிக் கொடுத்த ஆக்சிஜனால் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் இந்த நோயில் பார்வை இழந்தார்கள். பாடகர் ஸ்டீவி ஒண்டர் அவர்களில் ஒருவர். முதல் பரிசோதனையோடு முடியாது. மருத்துவர் சொல்லும் தேதிகளில் எல்லாம் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன மகிழ்ச்சியில் குடும்பங்கள் மறப்பது இதைத்தான். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்கவும் வேண்டாம். எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துக்கொண்டு, இரண்டு வயதுவரை அந்தக் கணக்கிலேயே வளர்ச்சியைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் உங்களில் யாருடைய குழந்தையாவது இன்று அந்த வார்டில் இருந்தால், நாளை காலை ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், எங்க குழந்தையை எப்பயிலிருந்து நெஞ்சில வெச்சுக்கலாம்?" இப்போது முடியாது என்றால் காரணத்தைக் கேளுங்கள். எது சரியானால் முடியும் என்று கேளுங்கள். மறுநாளும் கேளுங்கள்.